கேட்டால் மட்டுமே பேசும் ரத்துப் பட்டியல்

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை அம்பலமானதும், சர்வர்களின் பிரைவேட் கீ கசிந்திருக்குமோ என்ற அச்சத்தில் சான்றிதழ்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்காக குளோபல்சைன் என்ற சான்றளிப்பு நிறுவனம் வழங்கியிருந்தவையும் அவற்றில் அடக்கம். சுமார் 22 கேபி இருந்த குளோபல்சைனின் ரத்துப் பட்டியல் 4.7 எம்பியாக வீங்கியது. பட்டியல் மிக அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் அது மிகக் கனமாகிறது. சி.ஆர்.எல். எனப்படும் இந்த ரத்துப் பட்டியல் முறையின் பழைய குறை இது.

ஆனாலும் அம்முறை இன்று மறுபடி முன்னுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியாக விசாரிக்கும் ஓ.சி.எஸ்.பி. சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்டில் மூடியது. யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை அந்த விசாரிப்பு சான்றளிப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது முக்கியக் காரணம். பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொள்பவர் எதைத் தேடினார் என்பது வெளியே தெரியாது.

டெர்மினலில் இந்த முறையின் நிறைகள் பளிச்சென்று தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'சிஆர்எல்' கட்டளையை 'டெக்ஸ்ட்' விருப்பத்தோடு ஓட்டினால், வெளியிட்டவர் பெயர், வெளியான நேரம், அடுத்த பட்டியல் வரவேண்டிய நேரம், அதன்கீழ் ரத்தான ஒவ்வொரு தொடர் எண், தேதி, சிலவற்றுக்குக் காரணம் என எல்லாம் வரிசையாக விரியும். கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் சோதிக்கலாம்; ஸ்கிரிப்டில் கோக்கலாம்; பழைய பிரதிகளை ஆதாரமாகச் சேர்த்தும் வைக்கலாம்.

ஆனால், அப்படி விரிவதைப் படித்தாலே சரிபார்த்ததாகிவிடாது. பட்டியல்கள் பெரும்பாலும் சாதாரண எச்.டி.டி.பி. வழியாகவே வருகின்றன, அவற்றிலுள்ள கையொப்பமே அவற்றுக்குக் காவல். வெளியிட்டவரின் சான்றிதழைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லாவிட்டால், யாரோ திருத்திய பட்டியலையும் கட்டளை அதே தெளிவோடு காட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'வெரிஃபை' கட்டளையில் இருக்கிறது. ரத்தான சான்றிதழைக் கொடுத்தாலும், வேறு கோளாறு இல்லாவிட்டால் அது 'ஓகே' என்றே சொல்லும். ரத்தைப் பார்க்க 'சிஆர்எல் செக்' விருப்பத்தைத் தனியே சேர்க்க வேண்டும். பட்டியல் கைவசம் இல்லாவிட்டால் அப்போது பிழைச் செய்தி வரும். அவசரத்தில் விருப்பத்தையே நீக்கிவிடத் தோன்றும். அந்த விருப்பமும் நாம் கொடுத்த சான்றிதழை மட்டுமே பார்க்கும்; அதை வழங்கியவர்களின் சான்றிதழ்களும் சேர்ந்த சங்கிலி முழுவதற்கும் 'சிஆர்எல் செக் ஆல்' வேண்டும். இடைநிலைச் சான்றிதழே ரத்தாவது வெறும் கற்பனையும் அல்ல. 2014 ஜூலையில் கூகுள் தளங்களின் பெயரில் முறைகேடான சான்றிதழ்கள் வெளிவந்ததும், இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. விபிஎன் மென்பொருளான ஓப்பன்விபிஎன்னில் 2.4 பதிப்பு முதல், பட்டியல் காலாவதியானால் ஒழுங்கான பயனர்களும் சேர்ந்தே வெளியே நிற்க வேண்டியதுதான். பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவே. ஆனால் புதிய பட்டியலை வெளியிடும் வேலையைத் தானியங்கியாக்காத நிர்வாகிக்கு அது முழு முடக்கமாகிவிடும்.

பட்டியலின் பருமனைக் குறைக்க அதைப் பல துண்டுகளாகப் பிரிக்கும் வழக்கம் வந்துவிட்டது. கருவியின் மௌனத்துக்குத்தான் இன்னும் தீர்வில்லை. 'வெரிஃபை' கட்டளை 'ஓகே' என்று சொல்லும் அதே வரியில், ரத்து நிலை பார்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை கையொப்பம், காலாவதி, முழுச் சங்கிலி ஆகிய மூன்றையும் ஸ்கிரிப்டில் எழுதி வைக்கும் பொறுப்பு நிர்வாகியுடையது.