ஓசை அடங்கினால் நோய் அடங்குமா?

குறட்டையை நிறுத்தும் வாய்ச்சாதனங்களைப் பற்றிய விளம்பரங்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பல்லில் மாட்டினால் ஓசை நின்றுவிடும், ஆகவே நோயும் தீர்ந்தது என்பதே அவை உணர்த்தும் கருத்து. இவ்வாதம் சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. குறுகிய பாதையில் விரைந்து பாயும் காற்று மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் அதிரச் செய்கிறது. அதுவே குறட்டை. சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்று மாணவர்கள் படித்திருப்பர். தொண்டையில் ஓட்டம் அத்தனை சீரானதன்று. எனினும் சிறு குறுக்கமும் பெருந்தடையாகும் என்பது அங்கும் உண்மையே. ஆகவே, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்தள்ளி நிறுத்தும் சாதனம் பயன் தருவதில் வியப்பில்லை. பிரெஞ்சு மருத்துவர் பியர் ரோபின், சிறுதாடைக் குழந்தைகளின் மூச்சுத் தடையை நீக்க 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வழியைக் கையாண்டார்.

குறை கருவியில் இல்லை; விளம்பரம் காட்டும் அளவுகோலில் இருக்கிறது. ஓசை எழக் காற்று ஓடவேண்டும். பாதை முற்றிலும் அடைபட்டால் காற்றும் இல்லை, ஓசையும் இல்லை! 10 வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் அந்த அமைதியே ஆபத்தானது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, உறக்கம் கலைகிறது. இது இரவெல்லாம் தொடர்ந்தால் பகலில் தூக்கக் கலக்கமும், நாளடைவில் இரத்தக் கொதிப்பும் வரக்கூடும்.

எனவே மருத்துவர்கள் ஓசையை அளப்பதில்லை. மூச்சு நிற்பதும் குன்றுவதும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுகின்றனர். பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இயல்பு; 30ம் அதற்கு மேலும் கடுமை. ஒருவருக்கு 40 என்றிருந்த எண், சாதனத்தால் 20 ஆயிற்று என்று கொள்வோம். குறட்டை தணிந்ததென வீட்டார் மகிழ்வர். நோயோ நடுத்தர நிலையில் நீடிக்கிறது!

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட காற்றழுத்த முகமூடி முறை இந்த எண்ணை மேலும் நன்றாகக் குறைக்கிறது. ஆனால் அதை இரவு முழுவதும் அணியப் பலரால் இயலுவதில்லை. அத்தகையோருக்கு வாய்ச்சாதனம் தக்க மாற்றே. எனினும், பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்த சாதனத்தையே 2015இல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கிறது; அணிந்த பிறகு மீண்டும் உறக்கப் பரிசோதனை செய்யுமாறும் கூறுகிறது. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் கடைச்சரக்கில் இவை இரண்டும் இல்லை. பல் நகர்தல், தாடை வலி ஆகியவற்றைக் கவனிப்பாரும் இல்லை.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறலுடன் மீள்கிறதா? பகலில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுகிறாரா? முதலில் பரிசோதனை, பிறகே சாதனம். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணியாதல்லவா?