அருகில் இருப்பதும் ஈர்ப்பதும்

ஒரு புதிய அரோமாட்டிக் சேர்மத்தின் படிக அமைப்பை அறிவிக்கும் கட்டுரையில் ஒரு பத்தி தவறாமல் வரும். மூலக்கூறின் வடிவத்தை விவரித்து முடித்த கையோடு, இரண்டு பென்சீன் வளையங்களின் மையங்களுக்கு இடையே 3.7 ஆங்ஸ்ட்ராம், ஒரு ஹைட்ரஜனுக்கும் பக்கத்து வளையத்துக்கும் இடையே 2.8 ஆங்ஸ்ட்ராம் என்று அந்தப் பத்தி நீளங்களை அடுக்கும். வழக்கமான தூரத்தைவிடக் கொஞ்சம் நெருங்கி வந்த எதற்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: பை-பை அடுக்கு, சி-ஹெச்-பை தொடர்பு. அடுத்த வரியில் அந்தப் பெயர்களே படிகத்தை நிலைநிறுத்துவதாக முடிவும் வந்துவிடும். தமிழகத்துப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எழுதப்படும் படிக அறிக்கைகளுக்கும் இது பழகிய வார்ப்புதான். இயற்பியல் துறையில் படிகம் வளர்த்து முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தப் பத்தி ஏறக்குறைய மனப்பாடம்.

இந்த வழக்கத்தில் அளக்கப்படுவது தூரம், சொல்லப்படுவது ஈர்ப்பு. நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. அந்தத் தாவல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

அந்துருண்டையிலிருந்தே தொடங்கலாம். அந்துருண்டையான நாப்தலீன் இந்தத் துறையின் மூத்த பிள்ளை. 1921-இல் வில்லியம் ஹென்றி பிராக் அதன் அலகுக்கூட்டை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். 1930-இல் கல்கத்தாவில் கேதாரேஸ்வர் பானர்ஜி நாப்தலீன், ஆந்த்ரசீன் மூலக்கூறுகள் கூட்டுக்குள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று கண்டார். 1933-இல் லண்டனில் ராபர்ட்சன் அதைத் துல்லியப்படுத்தினார். தட்டையான இந்த மூலக்கூறுகள் காகிதக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கப்படவில்லை. ஒரு வரிசை ஒரு பக்கம் சாய, அடுத்த வரிசை மறுபக்கம் சாய்ந்து, மீன்முள்ளைப் போன்ற அமைப்பு உருவாகிறது. ஒரு மூலக்கூறின் ஓரத்து ஹைட்ரஜன்கள் பக்கத்து மூலக்கூறின் முகத்தைப் பார்த்தபடி இருக்கின்றன.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு 1990-இல் ஹண்டர், சாண்டர்ஸ் இருவரும் தந்த விடை அழகானது. பென்சீன் வளையத்தின் முகத்தில் எலக்ட்ரான்கள் திரண்டிருப்பதால் அங்கே எதிர்மின். ஓரத்து ஹைட்ரஜன்களில் நேர்மின். முகமும் முகமும் விலக்கும், ஓரமும் முகமும் இணங்கும். வளையங்கள் நேருக்கு நேர் நில்லாமல் சற்று விலகி அடுக்கப்படுவதும் இதனாலேயே. வேதியியலாளருக்கு இது கையில் பிடித்துக்கொள்ளத்தக்க ஒரு படம். இதை வைத்துக்கொண்டு ஊகிக்கலாம், ஊகத்தைச் சோதிக்கலாம். பெயர் சூட்டும் வழக்கத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் படத்துக்கு ஆதரவாகச் சிறந்த சாட்சி 1960-லேயே கிடைத்திருந்தது. பென்சீன் 5.5 டிகிரி செல்சியசில் உருகும். எல்லா ஹைட்ரஜனையும் புளூரினாக மாற்றிய ஹெக்சாபுளூரோபென்சீனும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் உருகும். இரண்டையும் சம அளவில் கலந்தால் சுமார் 24 டிகிரியில் உருகும் புதிய படிகம் பிறக்கிறது என்று பேட்ரிக், பிராசர் இருவரும் காட்டினார்கள். அதில் இரு வகை வளையங்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. புளூரின் மின்பரவலைத் தலைகீழாக்குவதால் இங்கே முகமும் முகமும் இணங்குகின்றன. வெறும் வடிவத்தை மட்டும் பார்ப்பவரால் இதை விளக்க முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. இரண்டே பென்சீன் மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். ஓரம் முகத்தைப் பார்க்கும் நிலையிலும், சற்று விலகி அடுக்கப்படும் நிலையிலும் பிணைப்பாற்றல் ஏறக்குறைய ஒன்றேதான்: மோலுக்குச் சுமார் 11 அல்லது 12 கிலோஜூல். இரண்டிலும் ஈர்ப்பின் பெரும்பங்கு லண்டன் பரவல் விசையிலிருந்து வருகிறது. அந்த விசை எந்த ஓர் அணு ஜோடிக்கும் சொந்தமில்லை; மூலக்கூறு முழுவதும் பரவிக் கிடப்பது. மின்பரவல் திசை காட்டுகிறது. எடையைத் தாங்குவது பரவல் விசை. அறிக்கைப் பத்தியோ திசைகாட்டியின் பெயரைச் சொல்லி, சுமப்பதும் அதுவே என்று எழுதிவிடுகிறது. 2008-இல் ஸ்டெஃபான் கிரிம்மே ஒருபடி மேலே போய், பை-பை அடுக்கு என்ற தனி விசை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டார். சிறிய வளையங்களில், ஹைட்ரஜன் நிரம்பிய அரோமாட்டிக் அல்லாத மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெரிய வளையத் தொகுதிகளில்தான் தனித்தன்மை தலைகாட்டுகிறது என்பது அவர் கண்டது. அறிக்கைகளில் வரும் சேர்மங்களில் கணிசமானவற்றில் இருப்பது ஒற்றை பென்சீன் வளையங்கள்.

2005-இல் ஜாக் டூனிட்ஸ், ஆஞ்செலோ கவெஸோட்டி இருவரும் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. படிகம் என்பது பல விசைகளின் சமநிலை. ஒரு மூலையில் இரண்டு அணுக்கள் மிக நெருங்கி இருக்கின்றன என்றால், மற்ற பக்கங்களிலிருந்து வரும் ஈர்ப்பு அவற்றை அங்கே தள்ளியிருக்கலாம். அந்த இடத்தில் உண்மையில் விலக்கு விசையே வேலை செய்துகொண்டிருக்கலாம். நெரிசலான டவுன் பஸ்ஸில் தோள் உரசி நிற்பவர்கள் எல்லாரும் உறவினர்கள் அல்லர். பல படிகங்களில் ஆற்றல் கணக்கில் முதலிடம் பெறும் இணையில் பெயர் சூட்டத்தக்க குறுந்தூரம் எதுவுமே இருப்பதில்லை. ஆகவே அது அட்டவணைக்குள் வருவதே இல்லை.

தூரங்களே எவ்வளவு நம்பத்தக்கவை என்பது இன்னொரு சங்கடம். எக்ஸ் கதிர் எலக்ட்ரானைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதுவும் கார்பன் பக்கம் இழுபட்டது. எனவே வழக்கமான ஆய்வில் ஹைட்ரஜனின் இடம் அளக்கப்படுவதில்லை, வைக்கப்படுகிறது. கார்பனிலிருந்து 0.93 அல்லது 0.95 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிரலே அதை உட்கார வைக்கிறது. நியூட்ரான் சிதறல் காட்டும் உண்மை நீளமோ சுமார் 1.08. இப்படி உட்கார வைத்த ஹைட்ரஜனிலிருந்து அடுத்த வளையத்துக்கு உள்ள தூரத்தை இரண்டு தசம இலக்கத்தில் எழுதி, அதைக் கண்டுபிடிப்பாக முன்வைக்கிறோம். வளையங்களின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. பிளாட்டன் நிரல், மையங்கள் 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தாலே அந்த இணையைப் பட்டியலில் போட்டுவிடும். கிராஃபைட்டின் தளங்களுக்கு இடையே உள்ள தூரம் 3.35 ஆங்ஸ்ட்ராம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பட்டியல் எவ்வளவு தாராளமானது என்று புரியும். நிரல் பட்டியல்தான் தருகிறது. பொருள் சொல்வது எழுதுகிறவர் பொறுப்பு.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஹிர்ஷ்ஃபெல்ட் மேற்பரப்பு. ஆஸ்திரேலியாவில் மார்க் ஸ்பேக்மேன் குழுவினர் வளர்த்தெடுத்த முறை. தனித்தனி அணு ஜோடிகளை விட்டு, மூலக்கூறைச் சுற்றி ஒரு மேற்பரப்பு வரைந்து, அக்கம்பக்கத்தை முழுமையாகப் பார்க்கச் சொன்னது அது. நல்ல மருந்து, நம் கையில் அதுவும் சடங்காகிவிட்டது. இப்போது அறிக்கைகளில் நீலமும் சிவப்புமான ஒரு படம், கூடவே ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் இத்தனை விழுக்காடு, கார்பன்-ஹைட்ரஜன் இத்தனை விழுக்காடு என்று ஒரு வரி. அந்த விழுக்காடு மேற்பரப்பின் பங்கு. ஆற்றலின் பங்கு அன்று. மூலக்கூறின் வெளிப்புறத்தில் ஹைட்ரஜன்கள் நிறைய இருந்தால் ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் முதலிடம் பிடிக்காமல் வேறென்ன செய்யும்? அதைப் படிகத்தின் நிலைப்புக்கு முதன்மைப் பங்களிப்பு என்று எழுதுவது, ஒரு வீட்டின் சுவர்ப் பரப்பை அளந்து தூண்கள் எவ்வளவு தாங்குகின்றன என்று சொல்வதற்கு ஒப்பு.

அப்படியானால் தூரத்தை நம்பவே கூடாதா? நம்பலாம், சரியான கேள்விக்கு. அதற்கு எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. 1963-இல் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற எல்லைத் தூரங்களைத் தெரிந்த படிகங்களிலிருந்து திரட்டி, பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியாது என்று வரைந்து காட்டினார்கள். இன்றும் புரத அமைப்புகளைச் சோதிக்க அந்த வரைபடம்தான் முதல் உரைகல். அங்கே தூரம் தடையைச் சொன்னது. விலக்கு விசை செங்குத்தாக ஏறுவது. ஓர் ஆங்ஸ்ட்ராமின் சில பத்தில் ஒரு பங்கு நெருங்கினாலே கூடாது என்று சொல்லிவிடலாம். ஈர்ப்போ மெதுவாகச் சரிவது; தூரம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அது பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. எங்கே இருக்கக் கூடாது என்பதற்குத் தூரம் நல்ல நீதிபதி. எது இழுத்தது என்பதற்கு அரைகுறைச் சாட்சி.

தூரமே போதுமான இன்னொரு இடமும் உண்டு. 1960-களில் இஸ்ரேலில் கெர்ஹார்ட் ஷ்மிட், சின்னமிக் அமிலப் படிகங்களில் இரட்டைப் பிணைப்புகள் சுமார் 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இணையாக இருந்தால் ஒளி பட்டதும் அவை இணைகின்றன என்று காட்டினார். வினை நடக்குமா என்ற கேள்விக்கு அருகாமையே விடை. அருகாமை எதனால் வந்தது என்பது அங்கே கேட்கப்படவில்லை.

படிக வடிவமைப்புக்கு வந்தால், பெயர்களைவிடப் பருமன்தான் பெரிய வெற்றியைத் தந்திருக்கிறது. பென்டசீன் மீன்முள் அமைப்பில் படிகமாகும். எதிலும் எளிதில் கரையாது. ஜான் ஆன்டனி அதன் நடு வளையத்தில் இரு பக்கமும் பருத்த சிலைல்எத்தினைல் தொகுதிகளைப் பொருத்தினார். டிப்ஸ்-பென்டசீன் என்ற அந்தச் சேர்மத்தில் மூலக்கூறுகள் செங்கல் சுவர்போல முகத்தோடு முகம் சற்று விலகி அடுக்காக அமைந்தன. கரிம டிரான்சிஸ்டர் ஆய்வில் அது ஒரு திருப்பம். பக்கத்தொகுதியின் விட்டம் மூலக்கூறின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும் என்பது அவர் விதி. பை-பை ஈர்ப்பைக் கூட்ட அவர் முயலவில்லை, இடத்தை அடைத்தார். மேடும் பள்ளமும் பொருந்தி, இடத்தில் 65 முதல் 77 விழுக்காடு நிரம்பும்படி மூலக்கூறுகள் நெருங்கும் என்று சோவியத் நாட்டின் கிதைகொரோட்ஸ்கி சொல்லிவந்த பழைய நெறியின் வழியே இதுவும். அந்த நெறிக்கும் எல்லை உண்டு. ஒரே அடர்த்தியில் பத்து விதப் பொதிவுகள் சாத்தியம் என்றால் எது வரும் என்று அது சொல்லாது.

வகைப்படுத்தலைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது கௌதம் தேசிராஜு, கவெஸோட்டி இருவரும் 1989-இல் செய்தது. பல்வளைய ஹைட்ரோகார்பன்களை அலகுக்கூட்டின் மிகக் குறுகிய அச்சை வைத்தே நான்காகப் பிரித்தார்கள்: மீன்முள், இணைமீன்முள், காமா, பீட்டா. கார்பன்-கார்பன் ஈர்ப்பு அடுக்கை நாடும், கார்பன்-ஹைட்ரஜன் ஈர்ப்பு சாய்வை நாடும். மூலக்கூறின் முகப்பரப்புக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம் முடிவு செய்யும் என்றார்கள். எந்த ஒற்றைத் தொடர்புக்கும் முடிசூட்டாமல் மொத்தத்தைப் பார்த்த விளக்கம் அது.

அதுவும் எல்லா இடத்திலும் நிற்காது. கரோனீன் காமா வகையின் உதாரண புருஷன். 2016-இல் காந்தப்புலத்தில் வளர்த்தபோது அதன் பீட்டா வடிவம் கிடைத்தது. பெரிலீனுக்கு ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்ட இரண்டு வடிவங்கள் நெடுநாளாகவே தெரியும். ஆல்பாவில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக முகம் சேர்ந்து நிற்கும். பீட்டாவில் தனித்தனியாகச் சாய்ந்து நிற்கும். இத்தகைய பல்லுருவங்களுக்கு இடையே ஆற்றல் வேறுபாடு பெரும்பாலும் மோலுக்கு 2 கிலோஜூலுக்கும் குறைவு. மூலக்கூறு இணைகளின் ஆற்றலை மேசைக் கணினியிலேயே கணக்கிடும் நிரல்கள் இன்று கிடைக்கின்றன. தூர அட்டவணைக்குப் பக்கத்தில் ஆற்றல் அட்டவணையும் கேட்க ஆய்விதழ்களுக்கு இனித் தயக்கம் எதற்கு? அது கேட்கப்படாதவரை, பெரிலீனின் ஆல்பா படிகம் கையில் கிடைத்த மாணவர் பை-பை அடுக்கே படிகத்தை நிலைநிறுத்துகிறது என்று எழுதுவார்; பீட்டா கிடைத்த மாணவர் சி-ஹெச்-பை என்று எழுதுவார்; இரண்டையும் நெறியாளர் திருத்தமின்றி அனுப்பிவைப்பார்.