கணிப்பொறிவழிக் கட்டுமானப் பாடம்: ஒரு திறனாய்வு

நூலை ஆராய்வார்க்கு நன்னூலார் பத்துக் குற்றங்களை வகுத்துத் தந்துள்ளார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். பல்கலைக்கழக மாணவர்க்குக் கட்டுமானத் தொழில்நுட்பம் பயிற்றும் கணிப்பொறிப் பாடமும் ஒருவகை நூலே ஆதலின், அவ்வளவுகோல் கொண்டு அதனையும் அளந்து காண்டல் தகும்.

முதற்கண் அதன் நலம் காண்போம். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிளேட்டோ, கணிப்பொறியைப் பாடம் சொல்ல வைத்தது. 1963-இல் ஐவன் சதர்லாந்து ஆக்கிய ஸ்கெட்ச்பேட், திரையிலேயே வரைபடம் தீட்ட வழிகண்டது. இவ்விரு நெறிகளும் கூடிய இன்றைய பாடம், கான்கிரீட்டினுள் மறைந்த கம்பிகளைப் பிரித்துக் காட்டுகின்றது; தூண், உத்தரம், தளம் என எழும் முறையை முன்னும் பின்னுமாக இயக்கிக் காட்டுகின்றது. இவை கரும்பலகைக்கு இயலாதன.

இனிக் குறை நோக்குவோம். கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாள் சோதித்தல் வழக்கு. திரையில் அந்நாட்கள் நொடியிற் கழிகின்றன. 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி தாவும் தளத்தின் முட்டுகளை 14 நாள் அகற்றலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி. மாணவர் அவ்வெண்ணைக் கற்பர். பத்தாம் நாளே முட்டைப் பிரிக்க விரைவாரைத் தடுத்து நிற்கக் கல்லார். நீர் மிகின் வலிமை குன்றும் என்பதை 1918-இல் ஏப்ரம்சு நிறுவினார். திரையில் அந்நீர் ஓர் எண். களத்திலோ, கலவை இளகவில்லை என்று சோர்ந்த கை ஊற்றும் ஒரு வாளி.

இது பாடத்தின் குறையன்று, ஆசிரியர் குறையே என்பாரும் உளர். அது பொருந்தாது. கலவையின் இளக்கம் அறிய 30 செ.மீ. உயரக் கூம்பில் அதனை நிரப்பிக் கூம்பை மேலே தூக்குவர். கை சாயின் சோதனை பிழைபடும். பொத்தானை அழுத்தினாலோ பிழைபடாது. தவறுதற்கு இடந்தராப் பயிற்சி, தவறு காணும் கண்ணையும் தாராது.

மொழியும் ஈண்டுக் கருதற்பாலது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிக் கட்டடப் பொறியியல் 2010-இல் தொடங்கியது. தமிழ்ப் பாடம் செய்வார் புதுக் கலைச்சொல் ஆக்குதலோடு அமையாது, ரசமட்டம், தூக்குக்குண்டு, சாரம், கரணை எனக் கொத்தனார் நாவில் வாழும் சொற்களையும் ஏற்றல் வேண்டும். இன்றேல் கற்றவர் ஏவலும் கட்டுவோர் செயலும் வேறுபடும்; அவ்வேறுபாட்டின் விலை சுவரில் விழும் விரிசலோடு நில்லாது, உயிரளவும் செல்லும்.

ஆகவே கணிப்பொறிப் பாடத்தை விலக்குதல் வேண்டா. அதன் இடம் அறிந்து வைத்தல் வேண்டும். அது பாயிரம், கட்டடக் களமே நூல். பாயிரம் மட்டும் கற்றாரை நூல் கற்றார் எனத் தேர்வு செய்தல் தகாது.