சமரசப் பாட்டும் தோட்டத்து வைகறையும்

செமினியை அடுத்த புரோகாக் குன்றின்மீது இந்நாளில் விடியுமுன்னரே இளைஞர் பலர் கைவிளக்கேந்தி ஏறுகின்றனர். உச்சியடைந்து, லாலாங் புல்லினிடையே அமர்ந்து, கீழ்த்திசை வெளுப்பதைக் காண்பதில் அவர்கட்கு ஓர் அமைதி. சிலர் கண்மூடித் தியானமும் செய்கின்றனர். நன்று. வைகறை என்பது யோகியர்க்கும் சூபியர்க்கும் பௌத்தத் துறவியர்க்கும் கிறிஸ்தவ மடத்தவர்க்கும் ஒருங்கே உரிய பொழுதன்றோ?

ஆயினும், அதே பொழுதில் அதே குன்றின் அடிவாரத்தில் நம் முன்னோரும் விழித்திருந்தனர். அவர்கள் விழித்தது பெரட்டுக்கு. பால்மரத்தில் பால் குளிர்ந்த வேளையிலேயே நன்கு இறங்கும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். ஆதலின் மற்றையோர் பிரம்ம முகூர்த்தம் என்று போற்றும் அந்நாழிகையைத் தோட்டத்துரை விலைக்கு வாங்கிக்கொண்டான். ரின்சிங், டொமினியன் என்னும் தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் வீடுகள் எழுந்துவிட்டன. அந்த இருட்டின் நினைவு மட்டும் முதியோரிடம் உண்டு.

சமரசம் பாடிய புலவரை மதிப்பிட இந்த வைகறையையே உரைகல்லாகக் கொள்ள விரும்புகின்றேன். “எல்லாச் சமயமும் ஒன்றே” என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கியபின் கடவுள் வாழ்த்தாக எதைப் பாடுவது என்ற கேள்வி எழுந்தவுடன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றோம். தமிழில் இக்கேள்விக்கு விடை தேடியவருள் இருவரை ஈண்டு எடுத்துக்கொள்வேன். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் முஸ்லிம் பக்கிரி.

மாயூரம் முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை 1826-இல் குளத்தூரிற் பிறந்தவர், 1889-இல் மறைந்தவர். அவரது சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878-இல் வெளிவந்தது. அந்நூலைத் திறக்கும் கிறிஸ்தவ அன்பர் முதலில் தேடுவது தம் இரட்சகர் திருப்பெயரை, கிடைக்காது ஏமாறுவர். ஒரு சமயத்தார்க்கே உரிய பெயர்களை ஒதுக்கி, யாவர்க்கும் பொதுவாகிய சொற்களாலேயே பிள்ளை கடவுளை அழைத்தார். தம் சமயத்திற் பற்றில்லாமையால் அவர் இவ்வாறு செய்தாரல்லர். தேவமாதாவின்மேல் அந்தாதி பாடியவர் அவர். தம் வீட்டிற்கு ஒரு பாட்டு, ஊர்ப் பொதுவிற்கு ஒரு பாட்டு என்று அறிந்தே பிரித்தார்.

இந்நூலில் எனக்குப் பெரிதும் உவப்பாவன துதிப்பாட்டுக்களைக் காட்டிலும் குடும்பம், உத்தியோகம் என்று மண்ணுக்கு இறங்கிவரும் பாட்டுக்களே. முன்னமே தம் நீதிநூலில் கைக்கூலியைக் கண்டிக்க ஓர் அதிகாரம் வகுத்தவர் அவர். கடவுளைப் பாடும் வாயால் உத்தியோகத்தரின் ஒழுக்கத்தையும் பாடலாம் என்று கண்டது கீர்த்தனை மரபிற்குப் புதிது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் அவர் ஏழைகட்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் பாடிப் புகழ்ந்தார். சைவர் ஒருவர் கத்தோலிக்கரைப் பாடிய அந்நிகழ்ச்சி நூறு சமரசப் பிரசங்கங்களுக்கு ஈடு.

குறையும் கூறவேண்டும். பெயரை நீக்கிய இடம் பல பாட்டுக்களில் வெற்றிடமாகவே நிற்கின்றது. முனிசீப்பு அவர்களின் கடவுள் பெரும்பாலும் உயர்ந்த ஆசனத்திலிருக்கும் நீதிபதி. மனுப்போடலாம், மன்னிப்புக் கேட்கலாம், மடியில் விழுந்து அழ இயலாது. கச்சேரி மேடையில் அவருடைய கீர்த்தனைகள் சிலவே தங்கியமைக்கு நம்மவரின் பாராமுகம் ஒரு காரணம். இக்குளிர்ச்சியும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

குணங்குடி மஸ்தான் சாகிபு இதற்கு நேர்மாறானவர். சுல்தான் அப்துல் காதிறு என்பது இயற்பெயர். இராமநாதபுரச் சீமையின் குணங்குடி பிறந்த ஊர். இல்லம் துறந்து அலைந்து, சென்னையின் வடபாகத்தில் தங்கி, 1838-இல் அடங்கினார். மஸ்தான் என்னும் பாரசீகச் சொல்லுக்கு இறைக்காதலில் வெறிகொண்டவன் என்பது கருத்து. அவர் எப்பெயரையும் நீக்கவில்லை. முகியித்தீன் சதகம் பாடினார்; அகத்தீசன் சதகமும் பாடினார். றகுமான் கண்ணிக்குப் பக்கத்தில் நந்தீசுவரக் கண்ணி. தாயுமானவர் பராபரமே என்று விளித்துப் பாடிய கண்ணி வடிவத்தை அவர் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார். அகத்தீசன் சதகத்தை வளிநிலை, தியானநிலை, சமாதிநிலை என யோகநூல் முறையிற் பகுத்தார். மனோன்மணியைக் காதலியாக விளித்து உருகினார். இறைவனை நாயகனாகவும் உயிரை நாயகியாகவும் பாடிப் பழகிய நமக்கு இது வியப்பு. ஆயினும் பாரசீகச் சூபிக் கவிகள் இறைவனைக் காதற்பொருளாக்கிப் பாடிய நெறியை அறிந்தவர்க்கு இது வழக்கமே. இரண்டு நாட்டு மரபுகளும் ஒரு கண்ணியின் இரண்டடிக்குள் சந்திக்கின்றன.

பிள்ளை அயலாரை அழைக்கத் தம் வீட்டில் யாவர்க்கும் பொதுவானதொரு கூடம் கட்டினார்; மஸ்தானோ அயலான் வீட்டு அடுக்களைவரை சென்று உண்டுவிட்டு வந்தார். அதனால் அவருக்கு வந்த அன்பும் அத்தகையதே. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்னும் சைவப் புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். பக்கிரி ஒருவரைக் குருவாக ஏற்று ஓர் ஐயர் பிரபந்தம் பாடிய காலம் வெள்ளையர் சட்டசபைகள் தோன்றுதற்கும் முந்தியது. சமரசத்தை நமக்கு மேல்நாட்டார் கற்பித்தனர் என்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் நம் உரைகல்லில் மஸ்தானும் தேய்கின்றார். மனைவி மக்கள் அவருக்குத் தளை, உடம்பு பழிக்கத்தக்கது. சித்தர் பலர்க்கும் உள்ள நோய் இது. நான்கு மணிக்கு எழுந்து, உலை வைத்து, குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, வாளியும் கத்தியுமாகப் பெரட்டுக்கு ஓடிய பெண்ணிடம் போய், “இவ்வுடம்பு பொய்யம்மா” என்றால் அவள் என்ன சொல்வாள்? அவ்வுடம்பே அன்றி அவளுக்கு வேறு சொத்தில்லை. பெண் கல்வி என்று தனி நூலே எழுதிய முனிசீப்பு இங்கே பக்கிரியைவிட நமக்கு நெருங்கியவராகின்றார்.

தியானம் போதிக்க வருவோரில் தோட்டத்து உடம்பை முதலில் தொட்டறிந்தவர் ஒருவர் உண்டு. பத்தமடையிற் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913-இல் மலாயா வந்து, இச்செமினிக்குத் தெற்கே சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிற் பணியாற்றினார். பின்னர் ஜொகூரிலும் இருந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுக்குப்பின் தாயகம் மீண்டு, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவர் வகுத்த படிகளில் தொண்டு முன்னும் தியானம் பின்னும் நிற்பதற்கு மலாயாக் காய்ச்சற்காரர் கட்டில்களும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நான் ஊகிக்கின்றேன். பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தர் தோற்றுவித்த சுத்த சமாஜத்திலும் அவ்வாறே: சர்வ சமயத்தார்க்கும் பொதுவான ஆலயம் ஒருபுறம், ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் மறுபுறம். பிரிக்பீல்ட்ஸிலோ 1894-இல் தோன்றிய பௌத்த விகாரமும், 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமமும், கந்தசுவாமி கோயிலும், மாதா கோயிலும் நடந்தே சுற்றிவரும் தொலைவில் உள்ளன. ஆயினும் ஒன்றினின்று மற்றொன்றுக்கு நடப்பவரை நான் அதிகம் கண்டதில்லை. உணவுக்கடைக்கு நடப்பவரே மிகுதி!

சென்ற ஆண்டு செமினியில் ஒரு மூதாட்டியாரைக் கண்டேன். நெற்றியில் நீறு, வாயில் பராபரக்கண்ணி. கேட்டுக்கொண்டே இருந்தேன். தாயுமானவர் கண்ணி ஒன்றும் மஸ்தான் கண்ணி ஒன்றும் மாறிமாறி வந்தன. இரண்டும் ஒருவர் பாட்டென்றே அவர் எண்ணியிருந்தார். “இது யார் பாட்டு, பாட்டி?” என்றேன்.

“எங்கப்பா பாட்டு, தம்பி. பெரட்டுக்குப் போகையில் பாடிக்கொண்டே போவார். லாந்தர் என் கையில் இருக்கும்,” என்றார்.

இரண்டடிக் கண்ணி நடைக்கு ஏற்றது, மூச்சு முட்டாது, மரத்துக்கு மரம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். நூலகத்திலிருந்து நான் தீட்டிக்கொண்டுபோன உரைகல்லை அவ்விடத்தில் எடுக்க எனக்கு நாணமாயிருந்தது.

அப்பாட்டுப் புத்தகம் கிடைக்குமா என்றார். பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கின்றாளாம், அவள் வாசித்துக் காட்டுவாளாம். தாயுமானவர்க்குப் பதிப்புகள் பல. மஸ்தான் பாடலில் அரபுச் சொற்கள் மிகுதி. அவற்றிற்குக் குறிப்பில்லாத பதிப்பைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்துப் பயனில்லை. தெளிவான குறிப்போடு, பெரிய எழுத்தில், தோட்டத்தார் வாங்கக்கூடிய விலையில் ஒன்று தேடிக்கொண்டிருக்கின்றேன். அன்பர் எவரேனும் அறிந்திருப்பின் இவ்விதழின் முகவரிக்கு எழுதுக.