ஒரு தட்டு ஓசை

'நிலையத்தை அடைந்தபோது ரயில் புறப்பட்டது' என்றால் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. 'புறப்பட்டிருந்தது' என்றால் வெறும் தண்டவாளம்தான். தமிழ் 'இருந்தது' சேர்த்துக் காட்டும் இந்த வேறுபாட்டை ஆங்கிலம் 'ஹேட்' (had) என்ற ஓரசையில் வைத்திருக்கிறது. பேச்சில் அதுவும் தேய்ந்து, 'ஷீட் கான்' (she'd gone) என்பதில் நாக்கு நுனியின் ஒரு தட்டாக மட்டுமே மிஞ்சும். 'ஹேட் ஹேட்' என்று இரட்டையாக வருவது அச்சுப்பிழை போலத் தோன்றும். வாய்விட்டுச் சொன்னால் முதலாவது நழுவி ஓடுவதும், இரண்டாவது அழுத்தமாக நிற்பதும் காதுக்குப் புரியும்.

'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருக்கும்போது இந்த 'ஹேட்' எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், அந்தச் சொற்கள் வரிசையைக் காட்டிவிட்டால் ஆங்கிலேயரே பெரும்பாலும் சாதாரண இறந்தகாலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கதை நடுவில் தொடங்கிப் பின்னோக்கித் திரும்பும்போது, திரும்பியதை உணர்த்த இந்தச் சிறு ஓசையே போதும். நம்மவர் சிக்கல் அதை அறியாதது அல்ல, அள்ளித் தெளிப்பது. 'நேற்று போயிருந்தேன்' தமிழில் தனியே நிற்கும். அதையே 'ஐ ஹேட் கான் எஸ்டர்டே' என்றால், அதற்குப் பின் நடந்தது என்னவென்று கேட்பவர் காத்திருப்பார். ஆகவே விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த ஒரு கதையை முடிவிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.