டம்ளரில் எந்தச் செம்பருத்தி?

வீட்டுச் செம்பருத்தியில் நாலைந்து பூவைப் பறித்து, காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களை வெந்நீரில் போட்டால் தண்ணீர் ஊதா நிறமாகிறது. எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கிறது. ரத்த அழுத்தம் குறையும் என்று நம்பித்தான் பலரும் இதைக் குடிக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சான்று இருக்கிறது. ஆனால் அது வேறொரு செடியைப் பற்றியது.

எகிப்திலும் சூடானிலும் கர்க்கதே என்றும் செனகலில் பிசாப் என்றும் குடிக்கும் பானம், நாம் புளிச்சகீரை என்று சமைக்கும் செடியினத்திலிருந்து வருகிறது. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு தடிக்கும் சிவந்த புல்லிதழைக் காயவைத்து அதைப் போடுகிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். சற்றே உயர்ந்த ரத்த அழுத்தம் உள்ள 65 பேரில், ஆறு வாரம் தினமும் மூன்று கோப்பை குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு இறங்கியது 1.3 புள்ளி. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வு. அந்தப் பலனை வீட்டுப் பூவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. காஃபின் இல்லை, செலவில்லை, தொண்டைக்கு இதமான மென்சுவை: வீட்டுப் பூவுக்கு இந்தப் பெருமையே போதும்.

போடும் முறையில்தான் நம் வழக்கம் அதிகம் தவறுகிறது. கஷாயம் போலச் சுண்டக் காய்ச்சுகிறோம். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி நெடுநேரச் சூட்டில் சிதைந்துவிடும். ஆய்வில் 240 மில்லி கொதிநீரில் 1.25 கிராம் புல்லிதழை ஊறவைத்தது ஆறு நிமிடம்தான். அடுப்பை அணைத்தபின் போட்டு மூடிவைத்தாலே சாறு இறங்கிவிடும்.

குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைப்பவர்களுக்கு நிறம் நன்றாக நிற்கிறது, துவர்ப்பும் குறைகிறது. ஆனால் வெயிலில் காய்ந்து, மூட்டையில் கிடந்து, பல கை மாறி வரும் பொருளில் உள்ள கிருமியைக் குளிர்நீர் கொல்லாது. அப்படிப் போடுவதானால் ஃபிரிட்ஜுக்குள் வைத்தே ஊறவிட வேண்டும். கொதிநீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஆறியபின் குளிரவைப்பதே என் தேர்வு.

புல்லிதழ்ச் சாறு கடும் புளிப்பு. அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். அடிக்கடி உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல் எனாமல் அரிக்கும். புளிப்பை அடக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டால் உடம்புக்காகக் குடிப்பதன் பொருளே போய்விடும். கர்ப்பிணிகள் இரண்டு வகையையும் தவிர்ப்பது நல்லது.

வாங்கும்போது பாக்கெட்டில் எந்தச் செடி, எந்தப் பகுதி என்று படித்துப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதைத் தினமும் குடிப்பதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.