கோடு எங்கே இருக்கிறது?

2000 ஜூன் 7-ம் தேதி அமெரிக்க நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், மைக்ரோசாஃப்டை இரண்டாக உடைக்கச் சொன்னார். விண்டோஸ் ஒரு கம்பெனி, ஆபிஸ் மாதிரி அப்ளிகேஷன்கள் இன்னொரு கம்பெனி. சண்டைக்கே காரணமான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எந்தப் பக்கம்? அப்ளிகேஷன் பக்கம். ஆனால் அன்றைக்கு இருந்த வடிவத்தை விண்டோஸ் கம்பெனியும் வைத்துக்கொள்ளலாமாம். தீர்ப்பிலேயே கோடு வழுக்கிவிட்டது. (அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் இந்த உடைப்பு ரத்தானது.)

தமிழில் டைப் அடித்தவர்களுக்கு இந்த வழுக்கல் புதுசில்லை. எங்க திருத்தணியில் எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ்ஸில், கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு என்று அடிப்பார்கள். பேஜ்மேக்கர், ஸ்ரீலிபி, கம்ப்யூட்டர் பின்னால் ஒரு டாங்கிள். விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே ஓடுவது ஆங்கிலம்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. அதாவது தமிழ் என்பதே காசு கொடுத்து வாங்கும் ஒரு அப்ளிகேஷன். ஒவ்வொரு ஃபாண்ட் கம்பெனிக்கும் ஒரு வரிசை. ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தரிடம் கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது.

மறு வருஷமே விண்டோஸ் 2000, யூனிகோடு தமிழையும் லதா ஃபாண்டையும் உள்ளேயே வைத்து வந்தது. பிறகு மேக்கில் இணைமதி. அதைச் செய்தவர் முரசு அஞ்சல் உருவாக்கிய முத்து நெடுமாறன்! மேல்மாடிக் கடைக்காரரே கீழே அஸ்திவாரத்துக்குள் போன கதை.

அப்போ இரண்டும் ஒரே தொழில்தானா? இல்லை என்பேன். விண்டோஸ் நினைத்தால் ஃபாண்ட்காரரின் வேலையை எடுத்துக்கொள்ள முடியும். ஃபாண்ட்காரரால் விண்டோஸை எடுத்துக்கொள்ள முடியாது. கட்டட ஓனரும் வாடகைக் கடையும் மாதிரி இரண்டு தொழில்கள்தான், ஆனால் சமமானவை அல்ல. எனக்கு லாபம்தான், தமிழ் இலவசமாகக் கிடைத்தது. ஃபாண்ட் விற்றுப் பிழைத்தவர்களுக்கு?

அதனால் ஜாக்சனைவிட நம்ம ஊர் போட்டி ஆணையத்தின் (சிசிஐ) அணுகுமுறை எனக்குப் பிடிக்கிறது. 2022 அக்டோபர் 20-ல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம். ஆண்ட்ராய்டை ஒரு சந்தை, ஆப் ஸ்டோரை வேறு சந்தை என்றார்கள். ஆனால் முக்கியமாகக் கேட்டது, போன் தயாரிப்பாளர் தலையில் கூகுள் ஆப்களை மொத்தமாகக் கட்டலாமா என்பதை. யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார் என்பது கோடு நகர்ந்தாலும் மாறாத கேள்வி.

நம்ம பிரஸ்காரர் மட்டும் இன்னும் பேஜ்மேக்கரில்தான். அதற்கு யூனிகோடு தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள். திரும்ப டைப் அடிக்கிறார்.